கிராமத்துக்கு இணையம்: கோபுரங்களின் கணக்கும் எங்கள் கணக்கும்

2025 மார்ச் 28ஆம் திகதி 2430 இலக்க வர்த்தமானி வெளியானது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகள் பற்றிய அறிவித்தல் அது. உரிமை உடையவர்கள் மூன்று மாதங்களுக்குள் உரிமைகோர வேண்டும், இல்லாவிட்டால் அவை அரச காணிகளாகும் என்பதே அதன் சாரம். எதிர்ப்புகளும் உச்ச நீதிமன்ற வழக்கும் வந்த பின்னர் அந்த அறிவித்தல் மீளப்பெறப்பட்டது.

அந்த மூன்று மாதங்களில் நான் கேட்டுத் திரிந்த கேள்வி ஒன்றுதான். இந்த வர்த்தமானி வெளிவந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலானோருக்கு வட்ஸ்அப்பில் வந்த ஒரு படம்தான் முதல் செய்தி. இன்னும் சிலருக்கு கனடாவில் அல்லது பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் சொல்லித் தெரிந்திருக்கிறது. காணி வன்னியில் இருக்க, அதைப் பற்றிய அறிவித்தல் கடல் கடந்து போய்த் திரும்பி வந்திருக்கிறது.

கிராமப்புற இணையம் பற்றிப் பேசும்போது 'அபிவிருத்தி', 'டிஜிட்டல் பொருளாதாரம்' என்ற சொற்களே அதிகம் கேட்கின்றன. போரால் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்கோ இணையம் என்பது காணி, நிவாரணம், சான்றிதழ், பிள்ளையின் படிப்பு ஆகியவற்றுக்கான வாசல். அந்த வாசலைத் திறக்க அரசு கடந்த இருபது ஆண்டுகளில் என்ன செய்தது, எங்கே நின்றது, நாங்கள் எதைக் கேட்கலாம் என்பதை ஒரே இடத்தில் தொகுத்துத் தரவே இந்தக் கட்டுரை.

தொடக்கமே பின்தங்கியது

கொழும்பில் கைபேசி பரவிய தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் சாதாரண தொலைபேசி இணைப்பே அரிதாக இருந்தது. குடாநாட்டுக்குக் கைபேசி வந்தது 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்தின் பின்னர்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. போர் மீண்டும் தொடங்க, தொடர்புகளும் அடிக்கடி அறுந்தன. வன்னியின் பெரும்பகுதியில் 2009 மே வரை கைபேசிக் கோபுரம் என்ற ஒன்றே இருக்கவில்லை. மெனிக்பாமிலிருந்து ஊர் திரும்பிய சனம் கைபேசியையும் மீள்குடியேற்றத்தையும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் கண்டது. மற்ற மாவட்டங்களுடன் ஒப்பிட்டு எங்களுடைய 'பின்தங்கலை' அளப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதல் வழி: அறிவகம்

2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் உருவானது. உலக வங்கியின் உதவியோடு அது முன்னெடுத்த 'ஈ-ஸ்ரீலங்கா' திட்டத்தின் ஒரு பகுதிதான் 'நெனசல'. தமிழில் அதை 'அறிவகம்' என்றார்கள். வீட்டுக்கு வீடு இணையம் கொடுக்க முடியாத காலத்தில் விகாரை, கோயில், நூலகம், சனசமூக நிலையம் போன்ற இடங்களில் கணினியையும் இணைப்பையும் வைத்து ஊரார் எல்லோரும் பாவிக்கச் செய்வதே நோக்கம். நாடளாவிய ரீதியில் 700க்கும் மேற்பட்ட நிலையங்கள் திறக்கப்பட்டன. இத்திட்டத்தின் நூலக நிலையங்களுக்கு 2014இல் கேட்ஸ் மன்றத்தின் விருதும் கிடைத்தது.

திட்டம் நல்லது. ஆனால் இப்படியான நிலையம் உயிரோடு இருப்பது அதை நடத்தும் ஒருவரில்தான் தங்கியிருக்கிறது. மின்கட்டணமும் பழுது பார்க்கும் செலவும் அவர் தலையில் விழுந்த இடங்களில் கணினிகள் தூசு பிடித்தன. இன்று அந்த வேலையைச் செய்வது சந்தியில் இருக்கும் கொமினிகேசன் கடை. விண்ணப்பம் நிரப்ப, படம் ஸ்கான் பண்ண, பிரிண்ட் எடுக்க எல்லாவற்றுக்கும் காசு. அரசு இலவசமாகத் தர நினைத்த சேவையை இப்போது ஏழைச் சனம் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறது.

பணம் யாருடையது?

இலாபம் தராத இடத்தில் எந்த நிறுவனமும் தானாகக் கோபுரம் நடாது. ஆகவே கிராமத்துக்கென ஒரு நிதி தேவை. இலங்கையில் அந்த நிதிக்கு ஒரு கதை உண்டு, அதில் எங்களுக்கும் பங்குண்டு.

2002இன் பிற்பகுதியில் சர்வதேச அழைப்புகள் மீது ஸ்ரீலங்கா ரெலிகொம்முக்கு இருந்த ஏகபோகம் முடிந்தது. அடுத்த ஆண்டு, வெளிநாடுகளிலிருந்து உள்வரும் ஒவ்வொரு நிமிட அழைப்பின் மீதும் ஓர் அறவீடு கொண்டுவரப்பட்டது. தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் என்பது அதன் பெயர். 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டமும் இத்தகைய அறவீட்டுக்கு இடம் வகுத்தது. கிராமப்புறங்களில் முதலிடும் நிறுவனங்களுக்கு இதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பது என்பதே ஏற்பாடு.

அந்த ஆண்டுகளில் வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு யார் அதிகம் பேசினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மத்திய கிழக்கில் வேலை செய்த பெண்களும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்த எங்கள் உறவுகளும் அதில் முன்னணியில் இருந்தார்கள். ஐந்து டொலர் அட்டையைச் சுரண்டி அம்மாவோடு பேசிய ஒவ்வொரு நிமிடத்திலும் ஒரு சில சதம் 'கிராமத்துத் தொலைத்தொடர்பு' என்ற கணக்கில் சேர்ந்தது.

அந்தப் பணம் உண்மையில் கிராமத்துக்குப் போனதா? லேர்ன்ஏசியா போன்ற ஆய்வு நிறுவனங்கள் இத்தகைய நிதிகள் செலவாகாமல் கிடப்பதையும் வேறு திசைக்குப் போவதையும் நீண்ட காலமாகக் கேள்விக்கு உட்படுத்தி வந்துள்ளன. இன்னொரு சிக்கலும் உண்டு. ஊருக்கு இணையம் வர வர, வெளிநாட்டு அழைப்புகள் வைபருக்கும் வட்ஸ்அப்புக்கும் மாறிவிட்டன. செயலியில் பேசும் பேச்சுக்கு அந்த அறவீடு இல்லை. கிராமத்துக்கு இணையம் கொடுக்கும் நிதியின் ஊற்றை அதே இணையமே வற்றச் செய்கிறது. அடுத்த நிதி எங்கிருந்து வரும் என்பதற்கு அரசு தெளிவான பதிலைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வழி: கோபுரம்

2020இன் பின்னர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 'கமட்ட சன்னிவேதனய' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 'கிராமத்துக்குத் தொடர்பாடல்' என்று பொருள். கவரேஜ் இல்லாத இடங்களை அடையாளம் கண்டு, கோபுரச் செலவில் ஒரு பகுதியை ஆணைக்குழு ஏற்று, அங்கே 4ஜி கொடுக்கச் செய்வது திட்டம். முன்னோடி மாவட்டமாக இரத்தினபுரி தெரிவு செய்யப்பட்டது.

கொவிட் காலம் இதற்கு அவசரத்தைக் கொடுத்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, படிப்பு சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போனது. பதுளை மாவட்டத்தின் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் காட்டு வழியே நடந்து பாறை உச்சியில் ஏறி சிக்னல் பிடித்த செய்தி உலகம் முழுக்கப் போனது. வன்னியில் அந்த உயரத்தில் பாறைகள் இல்லை. இங்கே பிள்ளைகள் குளக்கட்டில் நின்றார்கள்.

'கவரேஜ் உண்டு' என்றால் என்ன?

இந்த இடத்தில்தான் அரசின் கணக்கும் எங்கள் கணக்கும் பிரிகின்றன. வரைபடத்தில் நிறம் தீட்டப்பட்ட ஊரிலும் "கவரேஜ் இருக்கு, நெற் வேலை செய்யுதில்லை" என்ற பேச்சைக் கேட்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். காரணங்கள் நான்கு.

ஒன்று, தூரமும் அலைவரிசையும். 700, 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். உயர்ந்த அலைவரிசைகளில் வேகம் கூட, தூரம் குறைவு. 700இன் பகுதி உலகெங்கும் தொலைக்காட்சி பாவித்துவந்த இடம். தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறும்போதுதான் அது கைபேசிக்கு முழுமையாகக் கிடைக்கும். இலங்கை அதற்கான யப்பானியத் தொழில்நுட்பத்தை 2014இலேயே தெரிவு செய்தும், மாற்றம் இழுபட்டுக்கொண்டே போனது. காடும் வயலுமாக, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் எங்கள் ஊர்களுக்குத்தான் இந்தத் தாமதத்தால் நட்டம்.

இரண்டு, கோபுரத்துக்குப் பின்னால் இருப்பது. கோபுரம் ஒரு குழாய் போல. தாங்கியிலிருந்து வரும் பிரதான குழாய் ஒடுங்கியதாக இருந்தால் எத்தனை குழாய் வைத்தும் பயனில்லை. ஃபைபர் வடம் போகாத கோபுரங்கள் அடுத்த கோபுரத்தோடு நுண்ணலையால் பேசுகின்றன. பின்னேரம் எல்லோரும் பாவிக்கும்போது அது திணறுகிறது.

மூன்று, மின்சாரம். மின்சாரம் போய், பற்றரி முடிந்தால் கோபுரம் வெறும் இரும்பு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மின்சாரமும் வடங்களும் அறுந்து பல பகுதிகளில் தொலைபேசி செயலிழந்ததைக் கண்டோம். உதவி கேட்க வேண்டிய நேரத்தில்தான் கேட்க வழியில்லாமல் போனது.

நான்கு, கையில் இருக்கும் கருவி. 4ஜி கோபுரத்தின் கீழ் பழைய போனோடு நிற்பவருக்கு 4ஜி இல்லை. ஒரு வீட்டில் ஒரே போன், அதையும் மகன் வேலைக்குக் கொண்டு போய்விட்டால், பகலில் அந்த வீடு இணைப்பில்லாத வீடுதான். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த எங்கள் பகுதியில் இதைக் கோபுரங்களின் எண்ணிக்கை காட்டாது.

மூன்றாம் வழி: வானம்

2015 ஜூலையில் கூகிளின் 'லூன்' பலூன்கள் மூலம் நாடு முழுவதும் இணையம் தரப்போவதாக ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2016 பெப்ரவரியில் முதல் பலூன் இலங்கை வானில் நுழைந்தது. சேவை மட்டும் வரவில்லை. 2021 ஜனவரியில் லூன் நிறுவனமே மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

அடுத்தது ஸ்டார்லிங்க். 2024இல் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு உரிமம் கிடைத்தது. 2025 ஜூலை தொடக்கத்தில் சேவை ஆரம்பமானது. அறிமுகத்தின்போது கருவித் தொகுதியின் விலை 118,000 ரூபாய், வீட்டுச் சேவைக்கான மாதக் கட்டணம் 12,000 ரூபாயும் 15,000 ரூபாயும். 2023இல் அஸ்வெசும தொடங்கியபோது மிக வறிய குடும்பத்துக்கு அறிவிக்கப்பட்ட மாதக் கொடுப்பனவும் இதே 15,000 ரூபாய்தான். தனி வீட்டுக்கு இது எட்டாது. ஆனால் ஒரு தீவுப் பாடசாலைக்கு, பிரதேச வைத்தியசாலைக்கு, மீனவர் சங்கத்துக்கு அரசு பொறுப்பேற்று வழங்கினால் கதை வேறு.

அலுவலகம் முந்தி ஓடிவிட்டது

இணைப்பு மெதுவாக வர, அரச சேவைகள் வேகமாக இணையத்துக்குப் போய்விட்டன. 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் வந்தது. 2023 ஜூன், ஜூலையில் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளியாகி, மேன்முறையீடுகள் இணையம் வழியாகவும் ஏற்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் 'கவ்பே' கொடுப்பனவு முறை தொடங்கியது. டிஜிட்டல் அடையாள அட்டையும் வரவிருக்கிறது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் சந்தித்த, கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு தாய்க்கு அஸ்வெசும மேன்முறையீட்டை அனுப்ப இரண்டு நாள் பிடித்தது. முதல் நாள் கடையில் இணைப்பு இல்லை. இரண்டாம் நாள் விண்ணப்பம் 'கணவர்' பற்றிக் கேட்ட இடத்தில் என்ன எழுதுவதென்று கடைக்காரத் தம்பிக்கும் தெரியவில்லை. கணவர் உயிரோடு இருக்கிறார் என்றும் இல்லை, இறந்துவிட்டார் என்றும் இல்லை. 2016இலிருந்து சட்டத்தில் 'காணப்படாமைச் சான்றிதழ்' என்ற ஏற்பாடு இருந்தும், ஒரு கணினித் திரையில் அவருக்கு இடமிருக்கவில்லை. பிரதேச செயலகத்தில் ஓர் அலுவலரிடம் வாய்திறந்து விளக்கலாம். திரைக்கு விளக்க முடியாது. ஆகவே கருமபீடத்தை மூடிவிட்டு இணையத்தைத் திறப்பது எங்களுக்குச் சரிவராது. இரண்டும் திறந்திருக்க வேண்டும், தமிழிலும் இருக்க வேண்டும்.

இணைப்போடு வரும் பயத்தையும் மறைக்கத் தேவையில்லை. 2007 ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் முடக்கப்பட்டது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய காலங்களில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இன்னொரு அச்சுறுத்தல். இணையத்தைக் கொடுக்கும் அதே கைதான் அதை மூடும் ஆளியையும் வைத்திருக்கிறது.

நாங்கள் என்ன கேட்கலாம்?

நாட்டின் நியாயமான தொலைத்தொடர்புத் தேவைகளை நிறைவு செய்வது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் விதித்த கடமை. அதைக் கேட்பதற்கான கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின்னர் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். கேட்க வேண்டியவை:

1. எங்கள் கிராம அலுவலர் பிரிவு கவரேஜ் உள்ளதாகக் கணக்கிடப்பட்டுள்ளதா? அளவீடு வீட்டுக்கு வெளியிலா, உள்ளேயா? என்ன வேகத்தில்?
2. எங்கள் மாவட்டத்தில் அரச நிதியுதவியோடு எத்தனை கோபுரங்கள், எந்த இடங்களில், எப்போது இயங்கத் தொடங்கின?
3. அந்தக் கோபுரங்களை எல்லா நிறுவனங்களும் பகிர்கின்றனவா? ஃபைபர் இணைப்பு உண்டா? மின்சாரம் இல்லாமல் எத்தனை மணித்தியாலம் இயங்கும்?
4. தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணமாக ஆண்டுதோறும் எவ்வளவு சேர்ந்தது? வடக்கிலும் கிழக்கிலும் எவ்வளவு செலவானது?

தனியாள் கேட்பதைவிட கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கேட்பது வலுவானது. ஒரு பிரிவுக்குக் கிடைக்கும் பதிலை அடுத்த பிரிவோடு ஒப்பிட்டால், அரசின் சதவீதங்களுக்குப் பின்னால் விடுபட்ட ஊர்களின் பட்டியலை நாங்களே தயாரிக்கலாம். நான்காவது கேள்விக்கு வரும் பதிலை வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் அனுப்புங்கள். அது அவர்களுடைய கணக்கும்தான்.