செவிலியர் குழுக்களில் உளவியல் பாதுகாப்பு

தவறை ஒப்புக்கொண்டாலும், சந்தேகம் கேட்டாலும், மூத்தவரை மறுத்துப் பேசினாலும் தனக்கு அவமானமோ தண்டனையோ வராது என்று குழுவில் உள்ள எல்லோரும் நம்பும் நிலையே உளவியல் பாதுகாப்பு. எட்கர் ஷைனும் வாரன் பென்னிஸும் 1965இலேயே இதைப் பற்றி எழுதினர். மருத்துவமனை வார்டில் அதன் எடை என்ன என்பது 1990களில்தான் தெரியவந்தது.

அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், இரண்டு மருத்துவமனைகளின் எட்டு பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையான குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது: நல்ல தலைமையும் நல்லுறவும் இருந்த பிரிவுகளில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. இந்த முடிவை அறியாத வேறோர் ஆய்வாளர் வார்டுகளுக்குப் போய்ச் செவிலியரிடம் பேசியபோது காரணம் புலப்பட்டது. சில வார்டுகளில் மருந்து மாறிப்போனால் செவிலியர் தாமாகவே சொன்னார்கள். வேறு சிலவற்றில், சொன்னவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும் என்ற அச்சம் வாயைக் கட்டியது. இவ்வாய்வு 1996இல் வெளியானது.

ஆகவே, பிழைப் பதிவேடு காலியாக இருப்பதற்காக ஒரு வார்டைப் பாராட்டும் நிர்வாகம் அங்குள்ள அச்சத்தையே பாராட்டிக்கொண்டிருக்கலாம். மருத்துவர் எழுதிய தவறான மருந்தளவு நோயாளியின் உடலுக்குள் போகுமுன் அதைத் தடுக்கக்கூடிய கடைசி ஆள் பெரும்பாலும் செவிலியரே. அவர் தயங்கினால் தடுக்க வேறு ஆளில்லை.

உளவியல் பாதுகாப்பு என்னும் இந்த நம்பிக்கை வெறும் நட்பு அன்று. சக ஊழியரின் பிழையை மூடிமறைக்கும் நெருக்கமும் வார்டுகளில் உண்டு. அது நோயாளிக்கு எதிரானது.

அமெரிக்க அரசு 2006இல் டீம்ஸ்டெப்ஸ் என்ற குழுப் பயிற்சியை வெளியிட்டது. ஆபத்தைக் கண்டவர் சொன்னது முதல்முறை கவனிக்கப்படாவிட்டால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும், அதற்கும் பலனில்லையெனில் மேலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அதன் முக்கிய விதிகளுள் ஒன்று.

விதி இருந்தாலும் படிநிலை குறுக்கே நிற்கிறது. அதே ஆண்டு இங்கிரிட் நெம்பார்டும் எட்மண்ட்சனும் பச்சிளங்குழந்தைகளுக்கான 23 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், மருத்துவர்களைவிடச் செவிலியர் தங்களைப் பாதுகாப்புக் குறைவாகவே உணர்ந்தது தெரிந்தது. தலைமை மருத்துவர் மற்றவர்களின் கருத்தைக் கேட்டு வாங்கி, சொன்னதை மதித்த பிரிவுகளில் இந்த இடைவெளி சுருங்கியிருந்தது.