இரண்டு ப்ளூஸ், ஒரு நிஷாதம்

மைல்ஸ் டேவிஸின் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ (1959), சார்லி பார்க்கரின் ‘ப்ளூஸ் ஃபார் ஆலிஸ்’ (1951) இரண்டுமே 12 பார் ப்ளூஸ். முன்னதில் நான்கே கார்டுகள். பின்னதில் ஏறத்தாழ இருபது. கேட்கக் கேட்க, கைசிகி நிஷாதத்தை யார் எங்கே வைத்தார் என்பதே எனக்குப் பெரிய வேறுபாடாகப் படுகிறது. மேற்கத்திய மரபில் அந்தச் சுரம் ஏறிய செவன்த் கார்டு இன்னொரு கார்டுக்குப் போகத் துடிக்கும். ப்ளூஸ் அதையே தன் வீடாக்கிக்கொண்டது.

டேவிஸின் ஆதாரம் பி ஃப்ளாட். முதல் நான்கு பாரும் பி ஃப்ளாட் செவன்த். அதன் நிஷாதமான ஏ ஃப்ளாட் தொடக்கத்திலேயே ஒலித்துவிடுகிறது. ஐந்தில் ஈ ஃப்ளாட் செவன்த், ஏழில் மீண்டும் வீடு, ஒன்பதில் எஃப் செவன்த், பத்தில் ஈ ஃப்ளாட் செவன்த். இது வழக்கமான பாதை. பதினொன்றில் காது பி ஃப்ளாட்டை எதிர்பார்க்கும்போது வருவது ஏ ஃப்ளாட் செவன்த். இதுவரை கார்டின் உச்சியில் நின்ற நிஷாதமே இப்போது அடித்தளம்! மெட்டின் முதல் சுற்று வீடு சேராமலே முடிகிறது. இரண்டாம் சுற்றில்தான் சேர்கிறது. ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ இடம்பெற்ற இசைத்தட்டின் மற்றப் பாடல்களில் பியானோ பில் எவான்ஸ்; இதற்கு மட்டும் வின்டன் கெல்லி. ப்ளூஸில் ஊறிய அவருடைய கைக்கு இது பொருத்தமான களம்.

பார்க்கர் எஃப் சுருதியில் நேர்மாறாகத் தொடங்குகிறார். முதல் கார்டு எஃப் மேஜர் செவன்த். அதிலுள்ளது காகலி நிஷாதம். பிறகு பாருக்கொரு படியாக எஃப், ஈ, டி, சி என்று அடிச்சுரம் இறங்கி, ஐந்தாம் பாரில் பி ஃப்ளாட்டைத் தொடுகிறது. இடையில் வரும் ஏ செவன்த், ஜி செவன்த், எஃப் செவன்த் ஒவ்வொன்றும் அடுத்த படிக்குத் தள்ளிவிடுகின்றன. கைசிகி நிஷாதமான ஈ ஃப்ளாட் நான்காம் பாரில்தான் தலைகாட்டுகிறது. ஆறாம் பாரிலிருந்து பி ஃப்ளாட் மைனர், ஏ மைனர், ஏ ஃப்ளாட் மைனர், ஜி மைனர் என அரை அரைச் சுரமாக இறக்கம். இத்தனை திருப்பத்திலும் ஐந்தாம் பாரில் நான்காம் சுரத்தின் கார்டு என்ற ப்ளூஸ் தூண் அசையவில்லை.

கட்டுமான நுட்பத்தில் பார்க்கரே மேல். ஆனால் அங்கே ப்ளூஸின் வாசனையைத் தருவது பெரும்பாலும் மெட்டுதான். கார்டுகள் ஓட்டத்தைத் தருகின்றன. கார்டிலேயே ப்ளூஸ் ஊறிக் கிடப்பது டேவிஸிடம். கீபோர்டு கற்பவர்கள் முதலில் இரண்டின் அடிச்சுரங்களையும் இடது கையால் மட்டும் வாசித்துப் பாருங்கள்; கார்டுகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.