தள்ளுவண்டிக்காரர்கள் நேற்று வந்தவர்களா?



"ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று செய்தி வந்தாலே, தெப்பக்குளம், என்.எஸ்.பி. ரோடு பக்கம் வண்டி போட்டிருப்பவர்களை "நேற்று வந்தவர்கள்தானே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பாடம் நடத்திய பழக்கம் என்னை விடவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் இரவு நேர மதுரைத் தெரு வருகிறது. தேன்கூடு போல மெத்தென்ற அடையும், உள்ளே பூரணம் வைத்த மோதகமும் விற்ற கூவியர், நள்ளிரவு நெருங்கும்போது உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். இன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே இரவு பதினொரு மணிக்கு இட்லி வண்டிக்காரரைப் பாருங்கள், அதே காட்சிதான். நம் காவிரி கடலில் கலக்கும் புகாரிலும் பிட்டு விற்ற காழியரும் அப்பம் விற்ற கூவியரும் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சக்கரம் வைத்த வண்டி பிற்பாடு வந்தது. தெருவில் உணவு விற்கும் தொழில் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேல் பழையது.

உண்மையில் புதிதாக வந்தவை வண்டியில் இருக்கும் பண்டங்கள்தான்! மிளகாய் பஜ்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலை மாவு நம்முடையது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்த்துக்கீசியர் வழியாக இங்கே வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். அந்த மிளகின் பெயரையே புதுக் காய்க்கும் வைத்துவிட்டார்கள்.

வேர்க்கடலையும் அமெரிக்காவில் தோன்றியதுதான். அதற்கு மணிலாக்கொட்டை என்று ஒரு பெயர் உண்டு. விழுப்புரம், கடலூர் பக்கத்து உறவுகள் மல்லாட்டை என்பார்கள். மணிலா, பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய்வந்தன. அந்த மணிலாவிலும் இன்று வறுத்த கடலையைத் தள்ளுவண்டியில் வைத்து விற்கிறார்கள்.

பரோட்டாவின் கதை வேறு. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ரேஷன் வந்தது, கோதுமையும் வந்தது. 1956-இல் பி.எல். 480 ஒப்பந்தப்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இறங்கியது. அரிசிச் சோறு தின்ற ஊரில் இப்படித்தான் மைதாவுக்கு இடம் கிடைத்தது. இன்று பானிபூரி வண்டியோடு வடநாட்டுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். யார் யார் எங்கிருந்து வந்தார்கள், எப்போது பஞ்சம், எப்போது போர் என்பதெல்லாம் நாம் தின்னும் பண்டத்திலேயே இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியலமைப்பு தரும் தொழில் உரிமைதான், ஆனால் அது ஒழுங்குமுறைக்கு உட்பட்டது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014-இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு: 50 ஆண்டுக்கு மேல் தெரு வியாபாரம் நடந்த இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது.

அந்த 50 ஆண்டுக்குச் சாட்சி யார்? நாம்தான். 1970-களில் சின்னக்கடை வீதியில் கடலை வண்டிக்காரர் கரண்டியால் சட்டியைத் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் நடந்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் கட்டி முடித்தது 1987-இல். அதற்கு முன்பே அந்தப் பக்கம் சுண்டல் வாங்கித் தின்றவர்கள் நம் குடும்பத்தில் எத்தனை பேர்!

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். எந்தத் தெரு, எந்த வருஷம், என்ன பண்டம் என்று நினைவிருப்பதைக் கீழே எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தால் போடுங்கள். உங்களில் வண்டி போட்டிருப்பவர்கள் விற்பனைச் சான்றிதழை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் எண்ணெயும் சுத்தமாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்