சிவப்பு மையில் அடித்த ஒரு சொல்



போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பழைய மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோவையில் மோட்டார் ரோட்டர்களைச் சமன்செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறான். "சார், பத்தாவதுல இங்கிலீஷ் கட்டுரையில 'அன்பேலன்ஸ்'னு எழுதினேன். அப்படி ஒரு சொல்லே கிடையாதுன்னு செவப்பு மையில அடிச்சு 'இம்பேலன்ஸ்'னு திருத்துனீங்க. நீங்க அடிச்ச அந்த வார்த்தையிலதானுங்க இப்ப சோறு திங்கிறேன்" என்று சிரித்தான். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'பேலன்ஸ்' என்பதற்கு லத்தீன் மூலம் 'இரண்டு தட்டு' என்ற பொருள் கொண்ட சொல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. (நம் 'தராசு' பாரசீகத்திலிருந்து வந்தது. கடைவீதிச் சொற்கள் ஊர் ஊராகச் சுற்றுபவை.) தராசுக்கு லத்தீனில் இன்னொரு பெயர் 'லிப்ரா', ஓர் எடை அளவுக்கும் அதே பெயர். 'லிப்ரா பாண்டோ' என்றால் எடையில் ஒரு லிப்ரா. ஆங்கிலேயர் இரண்டாவது சொல்லை 'பவுண்டு' என்று வாயில் வைத்துக்கொண்டார்கள். முதல் சொல்லை எழுத்துச் சுருக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பவுண்டு என்று படிக்கும் இடத்தில் 'எல்.பி.' என்று ஏன் எழுதுகிறோம் எனக் கேட்ட பிள்ளைகளுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொன்னதில்லை. பதில் இதுதான்.

இனி என் தவறுக்கு வருகிறேன். 'அன்பேலன்ஸ்' வினைச்சொல்லாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. நான் பெருமையாகத் திருத்தி எழுதிய 'இம்பேலன்ஸ்' 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது; இரு கண்களின் தசைகளும் ஒத்து இழுக்காத நிலையைச் சொல்லக் கண் மருத்துவர்கள் அதை அப்போது பயன்படுத்தினார்கள். தாத்தாவை வெளியே நிறுத்திவிட்டுப் பேரனை நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். இன்று வர்த்தகம், ஹார்மோன், அதிகாரம் என்று பேசினால் 'இம்பேலன்ஸ்'தான் வழக்கு. ஆனால் சுழலும் இயந்திரத்தில் ஒரு பக்கம் சில கிராம் கூடிவிட்டால் அது 'அன்பேலன்ஸ்'தான், ஐ.எஸ்.ஓ. தர ஆவணங்களிலும் அந்தச் சொல்லே இருக்கிறது. அவன் அன்று எழுதியது தன் அப்பாவின் பட்டறை மோட்டாரைப் பற்றி. பையன் பட்டறையில் கேட்டதை எழுதினான். நான் என் கையேட்டில் இல்லாததை அடித்தேன்.

'லாப்சைடட்' என்ற சொல்லும் தொழிலிலிருந்து வந்ததுதான். முதலில் அது ஒரு பக்கம் பாரம் கூடிச் சாய்ந்த கப்பலைக் குறித்தது. பிறகுதான் கோணல் மேசைக்கும் ஒருதலை ஆட்டத்துக்கும் ஆனது.

எனக்கு மிகவும் பிடித்தது 'அவுட்வே'. ஒன்றைவிட இன்னொன்று எடையில் விஞ்சுவது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து முகமை ஆஸ்ட்ராஜெனெகா தடுப்பூசியைப் பற்றி (நம் ஊர்க் கோவிஷீல்டு அதுதான்) நன்மைகள் ஆபத்துகளை 'அவுட்வே' செய்கின்றன என்றது. அப்போது நம் உறவுகளில் சிலர் "ஆபத்தே இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றார்கள். சிலர் "ஆபத்துன்னு ஒத்துக்கிட்டாங்க பாருங்க" என்றார்கள். இரண்டு பேரும் ஒரு தட்டை மட்டுமே பார்த்தார்கள். மற்றத் தட்டு காலியாக இருந்தால் அந்தச் சொல்லுக்கே வேலை இல்லை. மிக அரிதாக இரத்தம் உறைவதும் அந்தத் தட்டில் இருக்கிறது என்று அதே அறிவிப்பு சொன்னது. எந்தத் தட்டு தாழ்ந்தது என்பதைத்தான் 'அவுட்வே' சொல்லும். எவ்வளவு தாழ்ந்தது என்று சொல்லாது.

'ப்ரிபாண்டரன்ஸ்' பவுண்டின் உறவுக்காரச் சொல். எடையில் முந்துவது என்று பொருள். பேச்சில் இதைப் 'பெரும்பான்மை' என்ற கனத்தோடு சொல்கிறார்கள். நீதிமன்றத்தில் அவ்வளவு கனம் வேண்டியதில்லை. சிவில் வழக்கில் எது நடந்திருக்கக் கூடும் என்பதில் தட்டு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். கணவன் மனைவி வழக்கிலும் இதே அளவுகோல்தான், குற்ற வழக்குபோல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை என்று 1975இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்ப வழக்கில் தோற்றவர் "நான் முழுப் பொய்யன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று இடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கோர்ட் அப்படிச் சொல்லியிருக்கத் தேவையே இல்லை.

பந்தியில் அவனிடம் அந்த நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். கரையான் அரித்துவிட்டதாம். அந்தக் கட்டுரைக்குப் பத்துக்கு ஏழு போட்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறதாம். தம்பி, இதைப் படித்தால் எட்டு என்று திருத்திக்கொள். எழுத்துப் பிழை இரண்டு இருந்ததாக நீயே சொன்னாய், ஆகவே அதற்கு மேல் தர முடியாது.