மத்திய தரைக்கடல் உணவு முறை

1950களில் கிரீட் தீவிலும் தென் இத்தாலியிலும் உழவர்கள் உண்டு வந்த சாப்பாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட உணவு முறை இது. பார்லி ரொட்டி, பயறு வகைகள், கொண்டைக்கடலை, காட்டில் பறித்த கீரை, பழம், தாராளமாக ஆலிவ் எண்ணெய், மீனும் பாலாடைக்கட்டியும் அளவாக, இறைச்சி எப்போதாவது. வசதியில்லாத வீடுகளின் உணவு அது.

அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் 12,763 ஆண்கள் இடம்பெற்றனர். இதய நோய் இறப்பு கிரீட்டில் மிகக் குறைவு, கிழக்கு ஃபின்லாந்தில் மிக அதிகம். கொழுப்பை இரு சாராருமே நிறைய உண்டார்கள். கிரீட்டில் அது ஆலிவ் எண்ணெய், ஃபின்லாந்தில் வெண்ணெயும் பாலும். ஆயினும் இத்தகைய ஒப்பீடு மட்டும் காரணத்தை நிறுவிவிடாது.

அதற்கு ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வு வேண்டியிருந்தது. இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 7,447 பேரில் ஒரு பிரிவுக்கு ஆலிவ் எண்ணெயும் இன்னொரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் பருப்புகளும் இவ்வுணவோடு தரப்பட்டன. கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட மூன்றாம் பிரிவைவிட இவ்விரு பிரிவிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பு ஆகியவை சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைந்தன. 2013இல் வெளியான இந்தக் கட்டுரை, பிரிவுகளுக்கு ஆட்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியதில் பிழை தெரியவந்ததால் 2018இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தத்தோடு மீண்டும் வெளியானது. முடிவு பெரிதும் மாறவில்லை.

இதயத்துக்குக் கிடைக்கும் நன்மையில் ஒரு பங்கு குடலில்தான் தொடங்குகிறது. பயறும் பார்லியும் தரும் கரையும் நார்ச்சத்து பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். ஈடுசெய்யப் புதிய பித்த அமிலம் ஆக்கவேண்டிய கல்லீரல், ரத்தத்திலிருந்து எல்டிஎல் கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. நாம் செரிக்க இயலாத நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்டே முதன்மை எரிபொருள். ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 65 முதல் 79 வயது வரையான 612 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஓராண்டு இவ்வுணவை நன்கு கடைப்பிடித்தவர்களின் குடல் நுண்ணுயிர்த் தொகுப்பு மாறியது, அழற்சி குறியீடுகள் சில குறைந்தன. நாரைத் திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும். சிறிது சிறிதாகச் சேர்ப்பதே நல்லது.

ஆனால் இவ்வுணவு முறைக்கு முன்மாதிரியான கிரீட்டிலேயே அடுத்த தலைமுறைகளில் இறைச்சி கூடியது, உடலுழைப்பு குறைந்தது, உடல் எடை ஏறியது.