ஆணையும் ஊழியமும்

தலைமை என்பது ஆணையிடுவதா, ஊழியஞ் செய்வதா? தம் சீடரின் பாதங்களைத் தாமே கழுவிய இயேசுநாதர் இவ்வினாவுக்கு என்றோ விடை பகர்ந்துவிட்டார். அவ்விடையைத் தம் வாழ்விலே எழுதிக் காட்டிய ஒருவரை நமது இலங்கை கண்டது.

போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க மறை அரச அதிகாரத்தின் நிழலில் வளர்ந்தது. குருமாரின் சொல்லுக்குப் பின்னால் கோட்டையும் பீரங்கியும் நின்றன. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றவே, அந்நிழல் அகன்றது. குருமார் வெளியேற்றப்பட்டனர், அவர்களுக்கு அடைக்கலங் கொடுத்தலும் பெருங் குற்றமாயிற்று.

ஏறக்குறைய முப்பது வருடங்கள் கழிந்தபின், 1687இல், நோயால் மெலிந்த கூலியாள் ஒருவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரே 1651இல் கோவா நாட்டிற் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார். பட்டமில்லை, படையில்லை. கழுத்திலே செபமாலை அணிந்து, வீடுதோறும் பிச்சை ஏற்று, அம்மாலையைக் கண்டு முகமலர்ந்தோரைத் தம் மந்தையென அறிந்துகொண்டார். 1677இலேயே தம்மைத் தேவதாயின் அடிமையென்று சாசனம் எழுதிக் கொடுத்தவர் அவர். அடிமைக்கு அதிகாரம் எதற்கு?

1692இல் கண்டி சென்றவரைப் பறங்கியரின் ஒற்றரென ஐயுற்று, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் சிறையிலிட்டான். அடிகளார் பொறுத்திருந்தார், காலப்போக்கில் விடுதலையும் பெற்றார். 1697இல் கண்டியை வைசூரி வாட்டியது. இயன்றோரெல்லாம் நகரை விட்டகன்றனர். நோயாளரை உறவினரும் கைவிட்டனர். அவ்வேளை அடிகளாரும் அவர்தம் உறவினரான கார்வல்யோ குருவும் வெறுமையான வீடுகளை மருத்துவச்சாலைகளாக்கினர். மதபேதம் பாராது புண்களைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். சிறையிட்ட மன்னனே அவரைப் பெரிதும் மதிக்கலானான்.

பின்னர் அவரை இலங்கைத் திருச்சபையின் உயர்பதவிக்கு ஏற்ற எண்ணியபோது, அதனை அவர் பணிவுடன் மறுத்துவிட்டார். 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆந் திகதி கண்டியில் உயிர்நீத்தார்.

ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகத்தின் பொருட்டு அவர்தம் சமயத்தைத் தழுவினோர் பலர். 1796இல் அவ்வாட்சி மறையவே, அவர்களுட் பெரும்பாலோர் அதனைக் கைவிட்டனர். ஆணையால் வந்தது ஆணையோடு போயிற்று. கூலியாளாக வந்தவர் நட்ட பயிரோ இன்றும் நிற்கின்றது. 2015ஆம் ஆண்டு தை 14ஆந் திகதி, கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதரென அறிவித்தார்.

அதிகாரம் நாட்டுக்கு வேண்டியதே. ஆயின், ஆணைக்கு உடல் பணியும். ஊழியத்துக்கே உள்ளம் பணியும்.