அத்தை திருத்திய திட்டம்

ராமேசுவர யாத்திரைக்கு நான் போட்ட திட்டம் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். முதல் நாள் காலை ரயிலைவிட்டு இறங்கியதும் அக்கினி தீர்த்தத்தில் கடல் ஸ்நானம். கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு சுவாமி தரிசனம். மறுநாள் விடியற்காலையில் ஸ்படிக லிங்கம். மாலை வண்டியில் ஊர் திரும்புதல். இதை 82 வயதாகும் என் அத்தைக்குப் பெருமையுடன் வாசித்துக் காட்டினேன்.

"ஏண்டா, சேதுவிலே முழுகாமல் சுவாமி பார்க்கவா என்னைக் கூப்பிடுகிறாய்?" என்றாள் அத்தை. அவ்வளவுதான், திட்டம் கவிழ்ந்தது.

அத்தையின் பேச்சை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியவில்லை. தனுஷ்கோடியில் இரு கடல்களும் கூடுமிடத்தில் நீராடிய பிறகே ராமநாதரிடம் வரவேண்டும் என்பது பழைய முறை. இந்த ஸ்நானத்தை நம்பி ஓர் அரச வம்சமே தலையெடுத்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுவுக்குப் போகும் வழியெல்லாம் காடு. கள்வர் பயம் வேறு. மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தியதற்குச் சரித்திர ஆசிரியர்கள் கூறும் முக்கியக் காரணம், யாத்திரிகர்களுக்குக் காவல் வேண்டும் என்பதே. வழியைக் காக்க வந்தவர்களின் சந்ததியார்தாம் பிற்காலத்தில், 1212 தூண்கள் நிற்கும் அந்த மூன்றாம் பிராகாரத்தை எழுப்பினார்கள். தஞ்சை சரபோஜி மன்னரும் சும்மா இருக்கவில்லை. சேது யாத்திரிகர்களின் பசியாற்ற ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். மாதக் கணக்கில் நடந்து வந்தவர்களுக்கு இரண்டு நாள் அதிகமாவதும் குறைவதும் ஒரு பொருட்டா என்ன?

அவசரம் 1914-ல் வந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை படகில்தான் தீவுக்குப் போகவேண்டும். இதில் ஒரு விசேஷம் உண்டு. பாம்பனைத் தாண்டியதும் ரயில் பாதை இரண்டாகப் பிரிந்தது: ஒன்று ராமேசுவரத்துக்கு, மற்றொன்று தனுஷ்கோடிக்கு. பின்னதில்தான் போட் மெயில் ஓடியது. தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். வெள்ளைக்கார ரயில் கம்பெனி இலங்கைப் போக்குவரத்துக்காகப் போட்ட அந்தப் பாதையில், பக்தர்கள் சாஸ்திரப்படி முதலில் சேதுவுக்குப் போய் இறங்கினார்கள்!

அத்தையும் அப்படித்தான் 1952-ல், ஒன்பது வயதில், போய் இறங்கினாளாம். ஸ்டேஷன், சுங்கச் சாவடி, கப்பல் ஊதும் சத்தம், காலைச் சுட்ட மணல் எல்லாம் இன்றும் சொல்கிறாள். நான் குறுக்கே பேசவில்லை. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு அடித்த புயலில் கடல் அந்த ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் அலைக்குள் போயிற்று. பாம்பன் பாலத்தைச் சில மாதங்களுக்குள் செப்பனிட்டுவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் மீண்டும் போடவேயில்லை. பிறகு பல வருஷம் மணலில் தள்ளாடிச் செல்லும் வண்டிகளே கதி. 2017-ல்தான் அரிச்சல்முனை வரை நல்ல சாலை வந்தது.

ரயிலுக்கும் சோதனை வந்தது. பழைய பாலம் தளர்ந்து போனதால் 2022 டிசம்பரில் வண்டிகள் நின்றன. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகே ராமேசுவரம் ஸ்டேஷனில் மறுபடி பிரயாணிகள் இறங்கினார்கள். அத்தை இத்தனை நாள் காத்திருந்ததும் அதற்காகத்தான். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது.

திட்டத்தைத் திருத்தி எழுதினேன். இப்போது மூன்று நாள். ஸ்டேஷனிலிருந்து நேரே காரில் அரிச்சல்முனை. அங்கே நீரோட்டம் பொல்லாதது. இறங்கி முழுக அத்தையை விடப்போவதில்லை. செம்பில் மொண்டு தலையில் விடுவதென்று, அரைமணி வாதத்துக்குப் பிறகு, உடன்பாடு ஆகியிருக்கிறது. இடிந்த ஸ்டேஷனும் கூரையில்லாத மாதாகோயிலும் வழியிலேயே வரும். அங்கே காரை நிறுத்தச் சொல்வாளா, வேண்டாமென்பாளா என்பதை அவளிடமே விட்டுவிட்டேன்.

நேற்று மாலை ஒரு சின்னத் துணிப்பை தைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்றேன்.

"சேது மணல் எடுக்க வேண்டாமா? பிரயாகையில் கொண்டுபோய்க் கரைக்கணுமே!" என்றாள்.

காசிக்கு நான் இன்னும் திட்டம் போடவில்லை.